கறுப்புக் கோட்டு வேண்டாம் என்கிற சட்ட மாணவிக்கு

வணக்கம் அம்மா. மகள் மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கிறாள், கோர்ட்டில் நின்று வாதாட மாட்டேன் என்கிறாள், படிப்பு வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள், எல்எல்எம் என்கிற சட்ட மேற்படிப்பின் கட்டணம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. தீர்ப்புத் தொகுப்பு வெளியிடும் பதிப்பகம், சட்டத் தரவுத்தளம், மருத்துவமனையின் சட்டப் பிரிவு, மருந்துக் கம்பெனி என்று வாசல்கள் உண்டு. அங்கெல்லாம் கேட்பது பேச்சுத் திறமையை அல்ல. சட்ட ஆவணத்தைப் பிழையில்லாமல் படித்துச் சொல்லும் பழக்கத்தை.

அது அவளிடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி கொடுங்கள்: சிகிச்சையின்போது மருத்துவரின் கவனக்குறைவால் நோயாளி இறந்தால் அதிகபட்சம் எத்தனை வருடம் சிறை?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுக் குற்றவியல் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா. 2023 ஆகஸ்டில் அறிமுகமான அதன் முதல் மசோதா கையில் சிக்கினால், "பிரிவு 104, ஏழு வருடம்" என்பாள். தவறு. அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். டிசம்பரில் புது மசோதா வந்து நிறைவேறி, 25-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. சட்டத்தில் அது 106(1): பொதுவாக ஐந்து வருடம் வரை, பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் இரண்டு வருடம் வரை.

இதைச் சரியாகச் சொல்லிவிட்டால், "சம்பவம் நடந்த தேதி என்ன?" என்று அவள் திருப்பிக் கேட்கிறாளா பாருங்கள். புதுச் சட்டம் அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. அதற்கு முந்தைய நாள் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ தான். மருத்துவருக்குத் தண்டனை அங்கேயும் இரண்டு வருடம்தான்; ஆனால் பிரிவை மாற்றி எழுதிக் கொடுத்தவரை யாரும் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இன்னொன்று. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்கான 106(2), சட்ட வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்ட் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். ஆனால் 2024 பிப்ரவரியில் வந்த அமலாக்க அறிவிக்கை அந்த உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டது. அச்சில் இருப்பதெல்லாம் அமலில் இருப்பதல்ல.

ஆகவே வரிசை இதுதான். முதலில், மத்தியச் சட்டங்களை அரசு வெளியிடும் இந்தியா கோட் இணையதளத்தில் பிரிவின் வாசகம். பிறகு இந்திய அரசிதழ்: சட்டம் பகுதி II பிரிவு 1-இல் வரும், அமலாக்க அறிவிக்கை பிரிவு 3 உட்பிரிவு (ii)-இல். ஏன் இப்படி எழுதினார்கள் என்ற கேள்வி எழும்போது மட்டும் நாடாளுமன்ற விவாதப் பதிவுக்குப் போனால் போதும். முதலிலேயே அங்கே போனால் மூழ்கிவிடுவாள்.

தீர்ப்பு படிக்கும்போது அதன் தலைப்பில் வரும் சுருக்கமான ஹெட்நோட்டை மேற்கோள் காட்டக் கூடாது. அது தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல. மருத்துவக் கவனக்குறைவுக்கு 2005-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பை முழுதாகப் படித்து, பத்தி எண்ணோடு குறிப்பெடுக்கட்டும். மருத்துவப் பக்கமும் இதே கதைதான்: மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் இந்தியன் பார்மகோபியா நூலில் எந்தப் பதிப்பு, பின்னிணைப்பு வந்ததா என்று பார்க்க வேண்டும், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் கிடைத்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த விடுமுறையில் பத்துப் பிரிவுகள் எடுத்து, வாசகம், அமலான தேதி, திருத்தம், முக்கியத் தீர்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தோடு அதில் நன்றாக வந்த இரண்டை இணைக்கட்டும். எல்எல்எம் கட்டணம் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.