அம்மாவுக்கு 800 வெள்ளிக்குள் முதல் ஸ்மார்ட்போன்: எதை வாங்கலாம், லோயாட்டில் வாங்கலாமா?

அம்மாவுக்கு 65 வயது, கோலாலம்பூர் செந்தூலில் தனியாக இருக்கிறார், இதுவரை பட்டன் போன்தான் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்ஜெட் 800 வெள்ளி (ரிங்கிட்).

மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எந்த கம்பெனி போன் வைத்திருக்கிறீர்களோ, முடிந்தவரை அதே கம்பெனி போனையே அம்மாவுக்கும் வாங்குங்கள். அம்மாவுக்குச் சந்தேகம் வரும் நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள், அல்லது எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருப்பீர்கள். "மேலேயிருந்து கீழே இழுங்கம்மா, இப்ப ரெண்டாவது வட்டத்தை அழுத்துங்க" என்று போனிலேயே வழிகாட்ட, உங்கள் திரையும் அவர் திரையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஐபோன் என்றால் இந்த விலையில் புதிது கிடைக்காது. அப்போது அம்மா அடிக்கடி பார்க்கும் ஆள் யார் என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவாகக்கூட இருக்கலாம். அவர் வைத்திருக்கும் கம்பெனி போனையே வாங்குங்கள்.

அடுத்தது, எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேளுங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட இது முக்கியம், ஏனென்றால் அம்மா இந்த போனை உடையும்வரை மாற்ற மாட்டார். சாம்சுங் 2024இல் ஏ16 மாடலை வெளியிட்டபோது 6 ஆண்டுகளுக்கு அப்டேட் தருவதாகச் சொன்னது. இந்த விலைப் பிரிவில் அது நல்ல காலம். சேமிப்பு இடம் 128 ஜிபிக்குக் குறைய வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்களும் கோயில் திருவிழா வீடியோக்களும் போனைச் சீக்கிரமே நிரப்பிவிடும். வாங்கியதுமே வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்திவிடுங்கள்.

கோலாலம்பூரில் போன் கடைகள் நிறைந்த பேரங்காடியான லோயாட்டில் தாராளமாக வாங்கலாம். ஒரே மாடலுக்கு நாலு கடையில் நாலு விலை சொல்வார்கள், அதனால் ஒரு சுற்று சுற்றிவிட்டு முடிவெடுங்கள். ஒரிஜினல் செட்டா, ஏபி செட்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஏபி செட் என்பது வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்ததைத் தனியாக இறக்குமதி செய்து விற்பது. விலை குறைவு, ஆனால் வாரண்டி பெரும்பாலும் அந்தக் கடையோடு சரி. கம்பெனியின் மலேசிய சர்வீஸ் சென்டரில் பார்க்க மாட்டார்கள். அம்மாவுக்கு ஒரிஜினல் செட்தான். ரசீதிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

இப்போது போனை அவர் கையில் கொடுத்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் பெரியம்மாவிடம் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பட்டன் போனில் அழுத்தமாக அழுத்திப் பழகிய விரல் அவருடையது. முகப்புத் திரையில் வாட்ஸ்அப்பைத் திறக்கும் சின்னப் படத்தின் மேல் விரலை வைத்தால் எடுக்கவே மாட்டார். உடனே ஒரு சின்னப் பெட்டி திறந்து, நீக்கவா என்று கேட்கும். அவர் பதறி வேறெங்கோ தொட, படம் இடம் மாறிப் போகும். "போன் கெட்டுப்போச்சு" என்பார். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் அரை வினாடிக்கு மேல் நின்றாலே போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் அந்த நேரத்தைக் கூட்டி வையுங்கள். சாம்சுங்கில் முகப்புத் திரையின் படங்கள் நகராதபடி பூட்டவும் முடியும். இந்த இரண்டையும் செய்தபின் பெரியம்மாவுக்குப் பயம் போனது. எழுத்தைப் பெரிதாக்குவது எல்லோருக்கும் தோன்றும், இது தோன்றாது.

தமிழ் படிப்பவர் என்றால் வாட்ஸ்அப்பின் மொழியைத் தமிழாக்கிவிடுங்கள். தட்டச்சுக்கு கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லிக் கொடுங்கள். பேச்சு எழுத்தாகிவிடும். தட்டித்தான் எழுதுவேன் என்பவருக்கு, நம் ஊரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி இருக்கிறது. 2005இலிருந்து தமிழர்கள் கைப்பேசியில் பயன்படுத்தி வருவது.

வங்கிச் செயலியை முதல் நாளே போட வேண்டாம், வாட்ஸ்அப்பும் வீடியோ காலும் பழகட்டும். அப்புறம் போடும்போது அவசரமாகக் கட்ட வேண்டிய பில் எதுவும் இல்லாத நாளாகப் பாருங்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் அறிவித்த பாதுகாப்பு நடவடிக்கைகளின்படி, புதிதாகப் பதிவு செய்ததும் ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. பணப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரவும் ஒரே ஒரு போன்தான். அதனால் அவர் கணக்கை உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இ-வாலட்டில் சந்தைச் செலவுக்கு வேண்டிய தொகை மட்டும் இருந்தால் போதும்.

மோசடிதான் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, அனுப்புகிறார்கள். அதைத் திறந்து நிறுவினால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். உண்மையான கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃபாக வரும், எதையும் நிறுவச் சொல்லாது என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் மூடிவிடுங்கள். போலீஸ், கோர்ட், வருமான வரி என்று யார் கூப்பிட்டு மிரட்டினாலும் போனை வைத்துவிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது என்பதையும் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் மரியாதைக்காகவே லைனில் நின்றுவிடுகிறார்கள்.

997 என்ற எண்ணை அவர் தொடர்புப் பட்டியலில் தமிழிலேயே பெயர் போட்டுச் சேர்த்து வையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உங்களைக் கூப்பிடுவதற்கு முன் அங்கே கூப்பிடச் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும், நீங்கள் வந்து சேரும்வரை அது காத்திருக்காது.