அப்பாவின் ஒமேகாவுக்குக் கிரவுன் மாற்றும் முன்

கேள்வி: அப்பா 1968-ல் சிங்கப்பூரில் வாங்கிய ஒமேகா சீமாஸ்டர் என்னிடம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக், தேதி உண்டு, ஸ்டீல் கேஸ். கிரவுன் (சாவி கொடுக்கும் பக்கக் குமிழ்) தேய்ந்து விரலில் பிடிபடவில்லை. கண்ணாடியில் விரிசல். பெங்களூரிலிருந்து வந்துபோகும் ஒருவர், "ஒரிஜினல் கிரவுன், ஒரிஜினல் கிளாஸ் போட்டு டயலையும் புதுசாக்கித் தருகிறேன், 18,000 ரூபாய் ஆகும், இரண்டு நாள் வாட்ச் என்னிடம் இருக்கட்டும்" என்கிறார். அவர் போடுவது அசல் பாகம்தானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வாட்ச்சை அவரிடம் கொடுக்காதீர்கள். கிரவுன் அசலா போலியா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளில் உள்ளே இருக்கும் மெஷின் பாகங்களும் டயலும் மாறிப்போனால் அதைக் கண்டுபிடிக்க உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

ஆகவே முதல் வேலை ஆதாரம் சேர்ப்பது. கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ நல்ல வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவரிடம் போய், உங்கள் கண்முன்னே பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வாட்ச் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்பதால் ஓசூர்ப் பக்கம் கை பழகியவர்கள் கிடைப்பார்கள். மூடியின் உட்புறத்தில் கேஸ் எண் பொறித்திருக்கும். உங்கள் வகை வாட்ச்சில் அது பெரும்பாலும் 166 என்று தொடங்கும். தேதி உள்ள, நீர் புகாத, ஆட்டோமேட்டிக் ஆண்கள் வாட்ச்சுக்கு ஒமேகா வைத்த குறியீடு அது. மெஷின் செம்பு நிறத்தில் இருக்கும். அதன் மேல் எட்டு இலக்க வரிசை எண் ஒன்றும், 565 போன்ற மூன்று இலக்க கேலிபர் எண் (மெஷின் மாடல் எண்) ஒன்றும் இருக்கும். 1968 வாக்கில் விற்ற வாட்ச் என்றால் வரிசை எண் ஏறத்தாழ 24-இலிருந்து 27 வரையிலான எண்ணில் தொடங்க வேண்டும். இவை எல்லாவற்றையும் மொபைலில் தெளிவாகப் படம் எடுங்கள். டயலை நேராக ஒரு படம், சாய்த்து ஒரு படம். பத்து நிமிட வேலைதான்.

இனி கிரவுன். உங்கள் தேய்ந்த கிரவுன்தான் அளவுகோல், அதை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். வெர்னியரில் அதன் விட்டத்தையும் உயரத்தையும் 0.1 மி.மீ. வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருவதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் லென்ஸில் பாருங்கள். அசல் ஒமேகா கிரவுனில் Ω என்ற எழுத்துச் சின்னம் மேலெழும்பி நிற்கும், ஓரங்கள் கூர்மையாக இருக்கும், அடிக்கால் இரண்டும் ஒரே தடிமனில் இருக்கும். போலியில் சின்னம் கீறியது போலத் தட்டையாகவோ, சோப்புக்கட்டியில் அழுத்தியது போல மழுங்கியோ இருக்கும். பித்தளைமேல் பூச்சு போட்டதாக இருந்தால் பற்களின் இடுக்கில் மஞ்சள் தெரியும்.

பொருத்திய பிறகும் ஒரு சோதனை உண்டு. 565 மெஷினில் கிரவுனை ஒரு படி இழுத்தால் நேரம் வைக்கலாம். அதையும் தாண்டி இழுத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் தேதி ஒன்று தாவும். தாவவில்லை என்றால் ஸ்டெம்மை (கிரவுனை மெஷினோடு இணைக்கும் தண்டு) கட்டையாக வெட்டியிருக்கலாம், அல்லது வேறு ஸ்டெம் போட்டிருக்கலாம். கிரவுனை உள்ளே தள்ளியபின் கேஸுக்கும் அதற்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும்; ஆட்டம் இருக்கக் கூடாது.

கிரவுனில் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல பாகத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போலியை வாங்குகிறார்கள். ஒமேகா நிறுவனமே பிற்காலத்தில் பழைய கேஸ்களுக்கென்று மாற்றுக் கிரவுன் கொடுத்திருக்கிறது. சின்னம் இருக்கும், தரம் இருக்கும், ஆனால் உங்கள் பழைய கிரவுனைவிட உருவம் சற்று வேறாக இருக்கும். பற்களின் எண்ணிக்கை மாறலாம், விளிம்பு தடித்திருக்கலாம். இது போலி இல்லை. 1968-ல் அந்த வாட்ச்சோடு பிறந்ததும் இல்லை. இதை "சர்வீஸ் பாகம்" என்று சொல்லி விற்பவர் நேர்மையானவர், தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பழையதைச் சிறு டப்பாவில் வாட்ச்சோடு பத்திரப்படுத்துங்கள். அதே பாகத்தை "அந்தக் காலத்துப் பெட்டி பிரிக்காத சரக்கு" என்று இரட்டை விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள். பழைய ஒமேகா உறைகளில் புது போலியை வைத்து விற்பதும் நடக்கிறது. உறையைப் பார்த்து மயங்கக் கூடாது. ஸ்டெம் போன்ற மெஷின் பாகத்தின் உறையில் 565 என்று இல்லாமல் 550 என்று இருந்தால் மட்டும் பதற வேண்டாம். ஒரே குடும்பத்து மெஷின்களின் பொதுப் பாகங்களை ஒமேகா 550 என்ற எண்ணில்தான் பட்டியலிட்டது.

கண்ணாடியில் கவலை குறைவு. அந்தக் காலத்து அக்ரிலிக் கண்ணாடியின் நட்ட நடுவில், கண்ணுக்கே தெரியாத அளவில், ஒமேகா சின்னம் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்து லூப்பில் தேடினால் தெரியும். ஆனால் அந்தச் சின்னத்தையும் போட்டே போலி வருகிறது, எனவே அதை மட்டும் நம்ப முடியாது. அளவு சரியாக உட்கார்ந்து, தேதி தெளிவாகத் தெரிந்தால் சின்னம் இல்லாத கண்ணாடியிலும் பாவம் ஒன்றும் இல்லை. மெயின்ஸ்பிரிங் (வாட்ச்சை ஓட்டும் சுருள்வில்), நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் அப்படித்தான். நல்ல கம்பெனி மாற்று போதும்.

டயல்தான் உயிர். "புதுசாக்கித் தருகிறேன்" என்ற வார்த்தையைக் கேட்டதும் வாட்ச்சை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மறுபெயின்ட் அடித்த டயலில் எழுத்து தடிக்கும், அடியில் உள்ள "ஸ்விஸ் மேட்" வரி விலகும் அல்லது காணாமல் போகும், நிமிடக் கோடுகள் ஒட்டவைத்த மணிக்கோடுகளோடு நேர்படாது. வாட்ச்சின் மதிப்பில் பெரும்பங்கு அன்றே போய்விடும், திரும்ப வராது. அந்த வரியின் இருபுறமும் அல்லது ஒரு புறம் "டி" எழுத்து இருந்தால் ஒளிப்பூச்சு டிரிட்டியம். டிரிட்டியம் 12.3 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பது வருடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். டார்ச் அடித்துவிட்டு இருட்டறையில் பாருங்கள். முள் மட்டும் பளிச்சென்று நெடுநேரம் ஒளிர்ந்தால் அது மாற்றிய முள், அல்லது மறுபூச்சு. முள்ளும் டயலும் ஒரே பழுப்பில் மங்கியிருப்பதே நல்ல அடையாளம்.

இத்தனை தரகர்கள் முளைத்ததற்குக் காரணம் ஸ்விஸ் நிறுவனங்கள்தான். ஒமேகாவின் தாய் நிறுவனமான ஸ்வாட்ச் குழுமம் 2015 முடிவோடு மொத்த வியாபாரிகளுக்குப் பாகம் கொடுப்பதை நிறுத்தியது. நாற்பது வருடம் கைநேர்த்தியோடு வேலை செய்த சிறு கடைக்காரருக்கு ஒரு ஸ்டெம்கூட நேர்வழியில் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற சர்வீஸுக்கு அனுப்பினாலோ, கேட்காமலே பாலிஷ் போட்டு, டயலையும் முள்ளையும் மாற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குப் பாகம் கிடைக்கும் உரிமை வாங்கியவருக்கு வேண்டாமா? அங்கே அனுப்புவதென்றால், "டயலைத் தொடக் கூடாது, பாலிஷ் கூடாது, கழற்றிய பாகம் திரும்ப வேண்டும்" என்று எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

பெங்களூர்க்காரரிடம்தான் வாங்க வேண்டும் என்றால் பாகத்தை மட்டும் வாங்குங்கள். ரசீதில் "ஒமேகா அசல் கிரவுன்" என்றும், அசல் இல்லையென்றால் பணம் திருப்பித் தரப்படும் என்றும் அவர் கையெழுத்தில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்த ஒரு தாள்தான் பேசும். எழுத மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. பொருத்துவதை உங்கள் ஊர்ப் பக்கத்து ரிப்பேர்காரர், நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்க, செய்யட்டும்.

கிரவுன் புதிதென்று நம்பி ஒகேனக்கல்லில் வாட்ச்சோடு அருவிக்குள் இறங்கிவிடாதீர்கள். கேஸில் கிரவுன் உட்காரும் குழாயும் ஐம்பது வருடம் தேய்ந்ததுதான். வழியும் நீர் அதன் வழியாக உள்ளே போகும்.