கூடிப் பின்னும் கேபிள் ஸ்வெட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியவை. சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரே ஸ்வெட்டர் வடிவத்தை, அதாவது பின்னும் முறைக் குறிப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரே நாளில் ஊசியில் கண்ணி ஏற்றித் தொடங்கி, வாரத்துக்கு இவ்வளவு என்று பின்னி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு முடிப்பதை ‘நிட்-அலாங்’ என்கிறோம். அதில் கேபிள் ஸ்வெட்டரை, அதாவது சடைபோல் முறுக்கிய பின்னல் உள்ள ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டவர்களின் ஐயங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு நிட் (வழுவழுப்பாக விழும் கண்ணி), பர்ல் (மேடாக விழும் கண்ணி) ஆகிய இரண்டு கண்ணிகள் மட்டுமே தெரியும். இரண்டு மப்ளர்களும் ஒரு தொப்பியும் பின்னியிருக்கிறேன். இன்னும் மூன்று வாரங்களில் தொடங்கவிருக்கும் குழுவில் சேரும்படி தோழி அழைக்கிறாள். கண்ணிகளைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் அந்தச் சிறு கேபிள் ஊசியை நான் தொட்டதுகூட இல்லை. சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள். கேபிள் என்பது புதிய கண்ணி அன்று. நீங்கள் அறிந்த நிட் கண்ணிகளையே இடம் மாற்றிப் பின்னுவதுதான் அது. சடை பின்னும்போது ஒரு கால் மற்றொன்றின் மேல் ஏறுவதைப் போல, மூன்று கண்ணிகள் அடுத்த மூன்று கண்ணிகளின் மேல் ஏறிச் செல்கின்றன.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் மூன்று வாரங்களை இப்படிப் பயன்படுத்துங்கள். 18 கண்ணிகள் ஏற்றி, துணியின் முன்பக்க வரிசைகளில் 6 பர்ல், 6 நிட், 6 பர்ல் என்றும், மறுபுற வரிசைகளில் 6 நிட், 6 பர்ல், 6 நிட் என்றும் நான்கு வரிசைகள் பின்னுங்கள். ஐந்தாம் வரிசையில் நடுவிலுள்ள ஆறில் முதல் மூன்றைக் கேபிள் ஊசிக்கு மாற்றித் துணியின் முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, பிறகு கேபிள் ஊசியிலுள்ள மூன்றையும் பின்னுங்கள். மேலே ஏறிய இழை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதே மூன்றைப் பின்னால் நிறுத்திப் பின்னினால் இழை வலப்பக்கம் சாயும். ஒவ்வொரு ஆறு வரிசைக்கும் ஒருமுறை இதைச் செய்தால் முறுக்கிய கயிறு உருவாகும். முதல் முறுக்கின்போது கண்ணிகள் இறுகி, கழன்று விழுந்துவிடும் என்று அஞ்சுவீர்கள். கம்பளி நூல் அவ்வளவு எளிதில் கழலாது. கண் பார்த்தால் கை செய்யும் என்பது இந்த வேலைக்கு முழுக்கப் பொருந்தும். ஒரு சாண் நீளம் பின்னி முடிப்பதற்குள் உங்கள் கை வழிக்கு வந்துவிடும்.

இன்னொன்றையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். கேபிள் வடிவங்கள் கட்டம் போட்ட சார்ட்டாகவே தரப்படுகின்றன. முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னும்போது முன்பக்க வரிசையைச் சார்ட்டின் வலமிருந்து இடமாகவும், மறுபுற வரிசையை இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். வட்டமாகப் பின்னும்போது எல்லா வரிசைகளும் வலமிருந்து இடமாகவே செல்லும்.

கேள்வி: வடிவத்தில் 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள் என்று போட்டிருக்கிறது. எனக்கு 20 வருகிறது. இரண்டு கண்ணிகள்தானே என்று தொடங்கிவிடலாம் என நினைக்கிறேன். குழுவில் மற்றவர்கள் எல்லோரும் அளவு பார்க்கும் மாதிரித் துண்டு முடித்துவிட்டார்கள். நான் மட்டும் இரண்டாம் முறை பின்னினால் ஆரம்ப நாளைத் தவறவிட்டுவிடுவேன்.

ஆரம்ப நாள் தவறட்டும். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். ஸ்வெட்டரின் உடல் பகுதிக்கு 198 கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ.க்கு 18 வந்தால் சுற்றளவு 110 செ.மீ. உங்கள் கைக்கு 20 வருவதால் அதே 198 கண்ணிகள் 99 செ.மீ.தான் இருக்கும். உள்ளங்கை அளவுத் துண்டில் ‘இரண்டே இரண்டு’ என்று தோன்றியது, உடம்பில் 11 செ.மீ. குறைவாக வந்து நிற்கும். கேபிள் துணி தடிமனானது; அதற்குள் உடம்பு அசைவதற்கு இடம் வேண்டும். 11 செ.மீ. குறைந்த ஸ்வெட்டர் தலைவழியே இறங்கலாம்; கையைத் தூக்க விடாது.

ஊசியை மாற்றுங்கள். உங்கள் கண்ணிகள் இறுக்கமாக இருப்பதால் 5 மி.மீ. ஊசிக்குப் பதிலாக 5.5 மி.மீ. ஊசியை எடுத்து மீண்டும் பின்னிப் பாருங்கள். துண்டு குறைந்தது 15 செ.மீ. அகலம் இருக்கட்டும், ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணலாக இருக்கும் என்பதால் நடுவிலுள்ள 10 செ.மீ.யை மட்டும் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன், ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துண்டையும் துவைத்துப் பரப்பிக் காயவையுங்கள். ஊசியிலிருந்து இறக்கியவுடன் அளந்த எண்ணும் காய்ந்தபின் அளந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

வடிவத்தில் சொல்லப்பட்ட 18 கண்ணிகள் வெறும் நிட் துணிக்கா, கேபிள் பகுதிக்கா என்பதையும் பாருங்கள். முறுக்குகள் துணியை உள்ளே இழுத்துக்கொள்வதால், கேபிள் பகுதியில் அதே அகலத்துக்குள் கூடுதல் கண்ணிகள் அடங்கும். நல்ல வடிவமைப்பாளர்கள் இரண்டுக்கும் தனித்தனியே அளவு கொடுத்திருப்பார்கள். அப்படியிருந்தால் இரண்டையும் பின்னிப் பாருங்கள். ஸ்வெட்டரை வட்டமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் துண்டையும் வட்டமாகவே பின்னுங்கள். பலருடைய கை பர்ல் வரிசையில் கொஞ்சம் தளர்ந்துவிடும். வட்டமாகப் பின்னும் நிட் துணியில் அந்தப் பர்ல் வரிசைகளே இல்லை.

குழுவாகப் பின்னுவதன் ஆபத்து என்று ஒன்றைச் சொல்வதானால், இந்த அவசரத்தைத்தான் சொல்வேன். எல்லோரும் கண்ணி ஏற்றும் நாளில் நாமும் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசையில் தவறான அளவோடு தொடங்குபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மனம் கனக்கிறது. இரண்டு நாள் தாமதமாகத் தொடங்கி, உடம்புக்குப் பொருந்தும் ஸ்வெட்டரைப் பின்னுங்கள்.

கேள்வி: என்னிடம் கறுப்பு நிறத்தில் மென்மையான, ரோமம் பறக்கும் நூல் நிறைய இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். கேபிளின் அழகு மேடும் பள்ளமுமாக விழும் நிழலில்தான் இருக்கிறது. கறுப்பு அந்த நிழலை விழுங்கிவிடும். ரோமம் விளிம்புகளை மூடிவிடும். இத்தனை உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போவது எனக்குப் பொறுக்காது. வெளிர் நிறத்தில், பல புரிகள் சேர்த்து உருண்டையாக முறுக்கிய வழுவழுப்பான கம்பளி நூல் மிகப் பொருத்தம். பருத்தி நூலிலும் முறுக்குகள் தெளிவாக விழும். ஆனால் அதற்கு இழுத்தால் மீளும் தன்மை குறைவு, எடையும் அதிகம் என்பதால் ஸ்வெட்டர் போகப் போகத் தொங்கும். அதே அளவுள்ள சாதாரண ஸ்வெட்டரை விடக் கேபிள் ஸ்வெட்டர் அதிக நூலைக் கேட்கும். ஆகவே ஒரே சாய எண் (ஒன்றாகச் சாயமிட்டதைக் காட்டும் எண்) உள்ள உருண்டைகளாக, ஒன்று கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர், அரன் ஸ்வெட்டரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கேபிள் வடிவம் இருந்தது என்றும், கடலில் மூழ்கிய மீனவர்களை அதைக் கொண்டே அடையாளம் கண்டார்கள் என்றும் சொன்னார். உண்மையா?

கேட்பவர் மனதை உருக்கும் கதை; ஆனால் உண்மையில்லை. அயர்லாந்தின் மேற்கே கால்வே விரிகுடாவின் வாயில் இனிஷ்மோர், இனிஷ்மான், இனிஷீர் என்று மூன்று சிறு தீவுகள் உள்ளன. அவையே அரன் தீவுகள். இன்று நாம் அரன் ஸ்வெட்டர் என்று அழைக்கும், உடல் முழுவதும் கேபிள் நிறைந்த ஆடை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கே உருப்பெற்றது. குடும்பத்துக்கொரு வடிவம் என்ற வழக்கம் இருந்ததற்குச் சான்று இல்லை.

மூழ்கியவர் கதைக்கு வேராகச் சொல்லப்படுவது ஒரு நாடகம். அயர்லாந்து நாடகாசிரியர் ஜே. எம். சிங் எழுதிய ‘ரைடர்ஸ் டு த ஸீ’ 1904-இல் மேடையேறியது. அதில் கடலில் இறந்த சகோதரனைத் தங்கை அவன் காலுறையைக் கொண்டு அடையாளம் காண்கிறாள். தான் 60 கண்ணிகள் ஏற்றி அவற்றில் நான்கைத் தவறவிட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. அந்தக் காலுறையில் எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறாள். குடும்ப வடிவமும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. தன் கையால் பின்னியதைத் தானே அறிகிற ஒரு பெண்தான் அங்கே இருக்கிறாள். பரப்பப்பட்ட கதையைவிட இதுதான் என்னை அதிகம் தொடுகிறது. பின்னுகிற எவருக்கும் தன் கைப்பிழை தெரியும்.

கேள்வி: 14 வரிசைகளுக்குக் கீழே ஒரு முறுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதைக் குழுவில் ஒரு தோழி கண்டுபிடித்தாள். 14 வரிசைகளையும் முழு அகலத்துக்குப் பிரிக்க வேண்டுமா? அழுகையே வந்துவிட்டது.

பிரிக்க வேண்டாம். அந்த ஆறு கண்ணிகளை மட்டும் இறக்கினால் போதும். துணியின் மற்ற பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்போதைய வரிசையில் அந்தக் கேபிள் வரை பின்னிக்கொண்டு வந்து, அதன் ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து கழற்றி, தவறான முறுக்கு உள்ள 14-ஆம் வரிசையும் அவிழும்வரை கீழே இறக்குங்கள். அதற்குக் கீழே உயிரோடு நிற்கும் ஆறு கண்ணிகளையும் இருமுனை ஊசிகள் இரண்டில் மும்மூன்றாக ஏந்திக்கொள்ளுங்கள். மேலே 14 குறுக்கிழைகள் ஏணிப்படிகள் போலத் தொங்கும். மிகக் கீழே உள்ள படிதான் முதலில் பின்ன வேண்டிய வரிசை. அவை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே இதில் முழு வித்தை. இரு ஊசிகளையும் சரியான திசையில் குறுக்காக வைத்து, முதல் படியின் நூலால் அந்த ஆறையும் பின்னுங்கள். நூல் போதாததுபோல இறுக்கமாக இருக்கும். முறுக்கு வரிசை எப்போதும் அப்படித்தான். பக்கத்துக் கண்ணிகளிலிருந்து சிறிது நூலை இழுத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். ஆறு வரிசைக்கு ஒரு முறுக்கு என்பதால், மேலிருந்து எண்ணினால் எட்டாவது, இரண்டாவது படிகளிலும் மறக்காமல் முறுக்க வேண்டும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது படிகளின் வரிசையைக் குழப்பிவிட்டு, ஒரு மாலை முழுவதையும் அதற்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஊக்குகளைக் கொண்டு ஐந்தைந்து படிகளாகப் பிரித்துக் குத்தி வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உங்கள் தோழிக்கு நன்றி சொல்லுங்கள். நாம் பின்னும்போது நம் கண் ஊசி முனையிலேயே இருப்பதால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரிவது நமக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு முறுக்கு வரிசை முடிந்ததும் துணியைக் கை நீட்டிப் பிடித்து ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால், அடுத்த பிழை ஒரே வரிசையில் அகப்படும்.

கேள்வி: வடிவத்தை ஒருவர் மட்டும் விலைகொடுத்து வாங்கி, மற்ற எட்டுப் பேருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. அந்தச் சார்ட்டைக் கணக்கிட்டு, எல்லா அளவுகளுக்கும் கண்ணி எண்ணிச் சரிபார்த்தவரின் உழைப்பு அது. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குங்கள். ஐயம் வரும்போது அருகில் அமர்ந்து ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: நான்கு வாரங்களாகின்றன. எல்லோரும் கைப்பகுதிக்குப் போய்விட்டார்கள். நான் இன்னும் உடலில் கால்பங்குகூடத் தாண்டவில்லை. கூடும் நாள்களில் என் பையைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. விலகிவிடலாம் என்று தோன்றுகிறது.

விலகாதீர்கள். குழு வகுத்த வாரக் கணக்கு எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது. உங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எத்தனை மணிக்கு நீங்கள் உறங்கப் போகிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பின்தங்கியவருக்கு ஒரு பெரிய அனுகூலமும் உண்டு. முன்னால் போனவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஓரத்தில் வரும் இழுபடும் ரிப் பட்டை முடிந்து கேபிள் தொடங்குமிடத்தில் கண்ணிகளைக் கூட்டத் தவறினால் துணி சுருங்குவதையும், கழுத்தில் முறுக்கின் மேலுள்ள கண்ணிகளைச் சற்றே குறைக்காமல் அடைத்தால் விளிம்பு அலையலையாக விரிவதையும் அவர்கள் செய்து கண்டிருப்பார்கள். நீங்கள் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

விரைந்து அவர்களைப் பிடித்துவிட முயல வேண்டாம். களைத்த கையும் தூங்கி விழும் கண்ணும்தான் முறுக்கைத் தவறான பக்கம் திருப்புகின்றன. நாளுக்கு இத்தனை வரிசை என்று வைத்துக்கொள்வதைவிட, ஒரு முறுக்கிலிருந்து அடுத்த முறுக்கு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்து வைக்கும்போது எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது துணியிலேயே தெரியும். அதற்கு மேல், ஒவ்வொரு முறுக்குத் தொகுதியும் முடிந்தவுடன் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றை எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஊசியால் கோத்துவிடுங்கள். பின்னால் ஏதேனும் பிசகினால் பிரிப்பது அந்த நூலோடு நின்றுவிடும்.

அடுத்த முறை கூடும்போது பையைத் திறந்து துணியை வெளியே எடுங்கள். உங்களுக்கு அடுத்து எந்த வரிசை என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லி, முறுக்கு எந்தப் பக்கம் என்று ஒருமுறை சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள்.