புது நம்பர், பெரிய ஆர்டர், விலையே பேசல: சரக்கு அனுப்பலாமா?

கேள்வி என்னன்னா, ஒருத்தர் ஆன்லைன்ல ஸ்வெட்டர் விக்கிறார், டிபி கூட இல்லாத ஒரு புது நம்பர்ல இருந்து 30,000 ரூபாய்க்கு ஆர்டர் வந்திருக்கு, நாளைக்கே வேணுமாம். நம்பலாமா வேணாமான்னு கேக்கறார்.

நான் குன்னூர்ங்க. நீலகிரி தைலம், டீத்தூள், எங்க ஊரு மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி மூணையும் 2020 லாக்டவுன்ல இருந்து வாட்ஸப்லயும் இன்ஸ்டாலயும் வித்துட்டு இருக்கேன். ஏமாந்தும் இருக்கேன், நல்ல ஆள சந்தேகப்பட்டு வாங்கிக் கட்டிக்கிட்டும் இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் சொல்றேன்.

மொத தடவ ஏமாந்தது ஒரு மே மாசம் சீசன்ல. ஊரு பூரா டூரிஸ்ட் வண்டி, வீட்டுல மூணு பேரும் உக்காந்து பேக்கிங், நெட் சுத்திக்கிட்டே இருக்கு, பேலன்ஸ் பாக்க முடியல. ஒருத்தர் 4,800 ரூபாய் போட்டாச்சுன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார், பச்ச டிக் எல்லாம் அழகா இருந்துச்சு, சரின்னு கூரியர்ல போட்டு விட்டுட்டேன். ராத்திரி கணக்கு பாக்கும்போது தான் காசு வரலன்னு தெரியுது. அப்பறம் அந்த ஸ்க்ரீன்ஷாட்ட பெருசு பண்ணிப் பாத்தா, காசு யாருக்கு போச்சுங்கற எடத்துல என் இன்ஸ்டா பேஜ் பேரு போட்டிருக்கு. என் அக்கவுண்ட் அம்மா பேர்ல இருக்குங்க. யூபிஐல யார் போட்டாலும் பேங்க்ல இருக்கற அம்மா பேரு தான் காட்டும், பேஜ் பேரு எப்படி வரும்? அவனுக்கு அம்மா பேரு தெரியாதுல்ல, தெரிஞ்சத போட்டு செஞ்சிருக்கான். அன்னிலருந்து ஸ்க்ரீன்ஷாட் எனக்கு வெறும் போட்டோ தான். வர்ற மெசேஜயும் நம்பறதில்ல, 1,200க்கு பதிலா 12,000 போட்டுட்டேன் மிச்சத்த திருப்பி விடுங்கன்னு அழுவாங்க, சாதா நம்பர்ல இருந்து பேங்க் மெசேஜ் மாதிரியே அடிச்சு அனுப்பியிருப்பாங்க. ஆப்ப தொறந்து பேலன்ஸ் பாத்தா தான் ஆச்சு.

ரெண்டாவது ஆளு பெரிய கில்லாடி. வெலிங்டன்ல இருந்து பேசறேன், ஆர்மி, கேன்டீனுக்கு 40 பாட்டில் தைலமும் 25 கிலோ டீத்தூளும் வேணும்னு ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுனான், யூனிபார்ம் போட்டோ, ஐடி கார்டு எல்லாம் அனுப்பிட்டான். விலை சொன்னேன், ஓகே. கூரியர் சார்ஜ் சொன்னேன், அதுக்கும் ஓகே. எங்கம்மா பக்கத்துல ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தாங்க, "ஏன்டா, ஒரு மனுஷன் 25 கிலோ டீத்தூள் வாங்கறான், தூளா இலையா, எந்த ரகம்னு கூட கேக்கலயே"ன்னாங்க. எனக்கு அப்ப தான் சுருக்குன்னுச்சு. வெலிங்டன் எங்க வீட்டுல இருந்து பத்து நிமிஷம், எங்க மாமாவே அங்க ரேஷன் வண்டி ஓட்டினவர். சார் எதுக்கு கூரியர், நானே ஸ்கூட்டர்ல கொண்டாந்து குடுத்துடறேன், பிளாக் பிரிட்ஜ்ல வந்து நிக்கறேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்பறம் "கோன்சா பிரிட்ஜ்?"ங்கறான், எந்த பிரிட்ஜுன்னு! வெலிங்டன்ல இருக்கறவனுக்கு பிளாக் பிரிட்ஜ் தெரியாதாம். உடனே பேச்ச மாத்தி, ஆர்மி ரூல் படி மொத பேமென்ட், நான் க்யூஆர் அனுப்பறேன் நீங்க ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா காசு உங்களுக்கு வந்துரும்னான். இது மட்டும் மனசுல வச்சுக்கோங்க, காசு வாங்கறதுக்கு ஸ்கேனும் வேணாம் பின்னும் வேணாம், பின் போட்டா காசு நம்ம கிட்ட இருந்து தான் போகும். முன்ன யூபிஐல காசு கேட்டு கலெக்ட் ரிக்வஸ்ட் அனுப்பியும் இதே வேலைய பண்ணுவாங்க, 2025 அக்டோபர்ல ஆளுக்கு ஆள் அனுப்பற அந்த ரிக்வஸ்ட்ட நிறுத்திட்டாங்க, க்யூஆர் தந்திரம் இன்னும் ஓடுது. தெரியாம போட்டுட்டீங்கன்னா யோசிச்சுட்டு உக்காராம உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிச்சுடுங்க, லேட்டாக லேட்டாக காசு வேற வேற அக்கவுண்டுக்கு போயிட்டே இருக்கும்.

எங்கம்மா சொன்னத நான் இப்ப எல்லா ஆர்டருக்கும் பாக்கறேன். நெசமா வாங்கறவங்க நம்ம உசுர எடுப்பாங்க. பத்து ரூபா கொறைங்கன்னுவாங்க, போன தடவ வாங்கினதுல வாசன கம்மின்னுவாங்க, பாட்டில் கண்ணாடியா பிளாஸ்டிக்கான்னுவாங்க, அட்ரஸ்ல கதவு நம்பர் வுட்டுட்டு மறுபடி அனுப்புவாங்க. ஏமாத்தறவனுக்கு சரக்கு மேல ஒரு அக்கறையும் இருக்காது, பேமென்ட் பத்தி மட்டும் பேசிட்டே இருப்பான்.

ஆனா இதையும் கண்ண மூடிட்டு நம்ப முடியாது. தென்காசி பக்கத்துல இருந்து ஒருத்தர், டிபி இல்ல, 60 பாட்டில் கேட்டார், விலை பேசல, எது கேட்டாலும் "சரி", "அனுப்பு" இவ்ளோ தான் பதில், போன் அடிச்சா எடுக்கவே மாட்டேங்கறார். நான் பெரிய போலீஸ் மாதிரி பிளாக் பண்ணிட்டேன். நாலு நாள் கழிச்சு அவர் பொண்ணு வேற நம்பர்ல இருந்து பிடிச்சுக்கிச்சு. அப்பாவுக்கு காது கேக்காதுண்ணா, அதான் போன் எடுக்கறதில்ல, நாட்டு மருந்து கட வச்சிருக்கார், கேட்டிருந்தா முழு காசும் முன்னாடியே போட்டிருப்பாரே, ஒரு வார்த்த கேட்டீங்களான்னு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

அதுக்கப்பறம் தான் ஆளு நல்லவனா கெட்டவனான்னு மண்டைய ஒடைக்கறதயே விட்டேன். சரக்கு என் கைய விட்டுப் போற நேரத்துல காசு எங்க இருக்கு, இது போனா எனக்கு எவ்ளோ அடி, இது ரெண்டு தான். 500 ரூபாக்குள்ளன்னா யாரா இருந்தாலும் பெருசா பாக்கறதில்ல. அதுக்கு மேல மொத ஆர்டர்னா பாதி அட்வான்ஸ், பேக் பண்ணி வீடியோ அனுப்புவேன், மீதி அக்கவுண்ட்ல வந்தப்பறம் தான் கூரியர். காசு போடறவர் பேரும் ஆர்டர் பண்றவர் பேரும் வேறயா இருந்தா யாரு போட்டதுன்னு கேட்டுருவேன், ஏன்னா திருட்டு காசு நம்ம அக்கவுண்டுக்கு வந்தா சைபர் போலீஸ் சொல்லி பேங்க்ல அக்கவுண்ட முடக்கி வச்சுருவாங்க, தெரிஞ்ச ஒரு கடக்காரர் இதுக்காக ரெண்டு மாசம் அலைஞ்சார்.

உங்க 30,000 ஆளுக்கும் அதே தான். பதினஞ்சாயிரம் முன்னாடி கேளுங்க, எந்த சைஸ் எத்தன, என்ன கலர்னு கேளுங்க. போட்டா தைரியமா பேக் பண்ணுங்க, க்யூஆர் அனுப்பறேன்னா பிளாக் பண்ணிட்டு வேற வேலையப் பாருங்க. சிஓடில, அதாவது சரக்கு கைக்கு வந்தப்பறம் காசு குடுக்கற மாதிரி, அனுப்பலாமேன்னு மட்டும் சமாதானம் ஆயிடாதீங்க. வாங்க மாட்டேன்னுட்டா போக வர ரெண்டு கூரியர் காசும் நம்ம தலையில தான். ஸ்வெட்டராவது திரும்பி வந்தா வேற ஆளுக்கு விக்கலாம். நான் ஒருக்கா நாலு கிலோ வர்க்கி சிஓடில அனுப்பி, ஆளு கதவே தொறக்காம பதினோரு நாள் கழிச்சு பொட்டி வீட்டுக்கே வந்துச்சு, தொறந்தா பூரா தூளு. அம்மா பத்து நாள் அதையே டீல போட்டு ஸ்பூன்ல எனக்கு குடுத்தாங்க.