தொலைந்ததா, திருடப்பட்டதா? கைப்பேசி இழப்பீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் 24,500 ரூபாய் விலையுள்ள கைப்பேசியை மாதத் தவணையில் வாங்கினேன். திருட்டுக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, 1,799 ரூபாய்க்கு ஒரு காப்பீட்டுத் திட்டத்தையும் கடைக்காரர் அப்போதே சேர்த்துவிட்டார். சென்ற மாதம் ஆரப்பாளையத்திலிருந்து பெரியார் பேருந்து நிலையம் வரும் நகரப் பேருந்தில் நெரிசலில் நின்று வந்தேன். இறங்கிப் பார்த்தபோது கைப்பையின் ஜிப் திறந்து கிடந்தது, கைப்பேசி இல்லை. காவல் நிலையத்தில், “பயணத்தின்போது கைப்பேசியைத் தவறவிட்டுவிட்டேன்” என்று எழுதித் தரச் சொன்னார்கள். அப்படியே எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வந்தேன். இப்போது காப்பீட்டு நிறுவனம், தொலைந்த பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்றும், முதல் தகவல் அறிக்கை இல்லை என்றும் கூறி மறுத்துவிட்டது. இன்னும் ஐந்து தவணை பாக்கி இருக்கிறது. கைப்பேசியே இல்லாதபோது தவணையைக் கட்டத்தான் வேண்டுமா? பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டா?

- வாசகி, மதுரை

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு சொல்தான் இந்தச் சிக்கல் முழுவதற்கும் காரணம். “தவறவிட்டுவிட்டேன்” என்று நீங்கள் எழுதிக் கொடுத்த நொடியில், சட்டத்தின் பார்வையில் அங்கே குற்றம் எதுவும் நடக்கவில்லை என்றாகிவிட்டது. குற்றம் இல்லாத இடத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகாது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகச் சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே கிடைக்கும். பெரும்பாலான கைப்பேசிக் காப்பீடுகள் திருட்டுக்கு இழப்பீடு தருகின்றன. எப்படிப் போனது என்று தெரியாமல் காணாமல் போன பொருளுக்குத் தருவதில்லை. கடையில் திட்டத்தை விற்பவர் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை, காவல் நிலையத்தில் மனு எழுத உதவுபவரும் சொல்வதில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளை இழந்து நிற்பவருக்கு, அந்த நேரத்தில் இதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆயினும் கதவு முழுவதுமாக மூடிவிடவில்லை. கைப்பையின் ஜிப்பை நீங்கள் மூடி வைத்திருந்தீர்கள், இறங்கும்போது அது திறந்திருந்தது என்பது உண்மையானால், அது திருட்டுக்கான அறிகுறி. அதே காவல் நிலையத்தில், முன்பு பெற்ற சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டுக் கூடுதல் மனு ஒன்றைக் கொடுங்கள். பேருந்தின் வழித்தடம், ஏறிய நேரம், இறங்கிய நேரம், கைப்பை இருந்த நிலை ஆகியவற்றை நடந்தபடியே எழுதி, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின் கீழ் திருட்டு வழக்காகப் பதிவு செய்யுமாறு கேளுங்கள். பதிவு செய்தால், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால், குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி மனுவைப் பதிவு அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். மாநகரமாக இருந்தால் மாநகரக் காவல் உயர் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அங்கும் பயனில்லை என்றால் குற்றவியல் நடுவரை அணுகலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. “கத்தியைக் காட்டிப் பறித்தார்கள் என்று எழுதினால் உடனே பணம் வந்துவிடும்” என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பொய்ப் புகார் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே கதை மாறினால், உண்மையாக நடந்த திருட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, காப்பீட்டு ஆவணத்தின் முழு நிபந்தனைகளையும் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். சில திட்டங்கள் பூட்டை உடைத்தோ வன்முறையாலோ நடந்த திருட்டுக்கு மட்டுமே பொறுப்பேற்கின்றன. பிக்பாக்கெட் திருட்டை வெளிப்படையாகவே விலக்கி வைக்கின்றன. உங்கள் திட்டம் அத்தகையது என்றால் நிறுவனத்தின் மறுப்பு நிபந்தனைப்படி சரியானதாகத் தோன்றும். ஆனால் அந்த நிபந்தனை உங்களுக்கு முன்கூட்டியே தரப்பட்டதா என்பதுதான் நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி. காப்பீடு எடுத்தவருக்குத் தெரிவிக்கப்படாத ஒரு விலக்கு நிபந்தனையைக் காட்டி நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. கடையில் உங்கள் கையில் கிடைத்தது ஒரு பக்க ரசீது மட்டும்தான் என்றால், அந்த ரசீதும், “திருட்டுக்குப் பாதுகாப்பு” என்று அச்சிட்ட துண்டுப் பிரசுரம் இருந்தால் அதுவும், உங்கள் வலுவான சான்றுகள்.

மறுப்பை வாய்மொழியாகவோ குறுஞ்செய்தியாகவோ ஏற்றுக்கொள்ளாமல், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் தருமாறு கேளுங்கள். தொடர்ந்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்வு இல்லை என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்; அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மற்றொன்று, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தோடு, “திருட்டுக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டு” என்று சொல்லி விற்ற கடையையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து பார்ப்பதும் பயனுள்ளது. சில நேரங்களில் அந்தக் கட்டத்திலேயே நிறுவனங்கள் இறங்கி வருகின்றன.

கோரிக்கை ஏற்கப்பட்டாலும் 24,500 ரூபாய் முழுவதும் கைக்கு வராது. நீங்கள் பயன்படுத்திய காலத்துக்கான தேய்மானத்தையும், நீங்கள் ஏற்க வேண்டிய ஒரு நிலையான பங்கையும் கழித்துக்கொண்டே தருவார்கள். தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே உள்ள வழக்கு அல்ல இது. நீங்கள் வாங்கிய கடன் கைப்பேசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடன்தான். நிறுத்தினால் அபராத வட்டி ஏறுவதோடு, நாளை வேறு கடன் கேட்கும்போது, கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் எதிரே வந்து நிற்கும்.

கைப்பேசியை முடக்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இதுவரை செய்யவில்லை என்றால் இன்றே செய்யுங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் ‘சி.இ.ஐ.ஆர்.’ என்ற வசதி 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்), காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், வாங்கிய ரசீது, அடையாளச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றினால், இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம் கார்டைப் போட்டாலும் அந்தக் கருவி இயங்காதபடி முடக்கப்படும். யாராவது பயன்படுத்த முயன்றால் அந்தத் தகவல் காவல்துறைக்குச் செல்லும். ஐ.எம்.இ.ஐ. எண் பெட்டியின் மேலும் விற்பனை ரசீதிலும் இருக்கும். பதிவுக்கு ஓ.டி.பி. தேவை என்பதால், முதலில் அதே எண்ணில் மாற்று சிம் வாங்க வேண்டும்; மாற்று சிம் இயங்கத் தொடங்கிய பின் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகள் வராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கிடைக்கும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். கைப்பேசி திரும்பக் கிடைத்தால் அந்த எண்ணைக் கொண்டே முடக்கத்தை நீக்க முடியும். முடக்கியதற்கான சான்று காப்பீட்டுக் கோரிக்கைக்கும் துணை நிற்கும்.

கேள்வி: 68 வயதான என் தந்தை, ஒரு சனிக்கிழமை மாலை உக்கடம் பேருந்து நிலையத்தில் கைப்பேசியைத் தொலைத்துவிட்டார். வங்கி திறக்கட்டும் என்று திங்கட்கிழமை வரை காத்திருந்தோம். காலை 10.20 மணிக்குக் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை 12,000 ரூபாயும், நாங்கள் புகார் கொடுத்த பிறகு திங்கள் மதியம் 6,000 ரூபாயும் யு.பி.ஐ. வழியாக எடுக்கப்பட்டுள்ளன. கைப்பேசி உறைக்குள் ரகசிய எண்ணை அப்பா எழுதி வைத்திருந்தார். ரகசிய எண் சரியாக இட்டே பணம் எடுக்கப்பட்டதால் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்கிறது வங்கி.

- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வங்கி சொல்வது பாதி சரி, பாதி தவறு. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் பற்றி ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்குத் தெளிவான விடை தருகிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை அவர்தான் ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு முழுவதும் வங்கியைச் சேர்ந்தது. ரகசிய எண்ணைக் கைப்பேசியோடு வைத்திருந்ததைக் கவனக்குறைவு என்றே கொள்வார்கள். எனவே 12,000 ரூபாயைப் பெறுவது கடினம். ஆனால் 10.20 மணிக்குப் பின் போன 6,000 ரூபாயை வங்கி திருப்பித் தந்தே ஆக வேண்டும். அங்கே ரகசிய எண் சரியாக இடப்பட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. புகார் மனுவின் நகலில் நேரத்துடன் கூடிய ஒப்புகை முத்திரை இருந்தால் உங்கள் வழக்கு மிக வலுவானது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்கும் கடமையும் வங்கியினுடையது என்று அதே சுற்றறிக்கை கூறுகிறது. வங்கியின் தலைமைக் குறைதீர் பிரிவுக்கு எழுதி, 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடுங்கள்.

வாசகர்கள் அனைவருக்கும் இதையொட்டி ஒரு வேண்டுகோள். கைப்பேசி போனதும் முதல் அழைப்பு காவல் நிலையத்துக்கு அல்ல. வேறொருவரின் கைப்பேசியிலிருந்து வங்கியின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்து யு.பி.ஐ. சேவையையும் அட்டைகளையும் நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு சிம் கார்டை முடக்குங்கள். இந்த எண்கள் ஞாயிற்றுக்கிழமையும் இயங்குகின்றன. பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்கும் வாய்ப்பு தொடக்க மணி நேரங்களில்தான் அதிகம்.

கேள்வி: இரவு ரயிலில் முன்பதிவுப் பெட்டியில் உறங்கிக்கொண்டிருந்தபோது, மின்னேற்றம் செய்ய வைத்திருந்த கைப்பேசி திருடு போனது. ரயில்வேயிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

- வாசகர், தஞ்சாவூர்

பதில்: எளிதல்ல. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, பயணி தம் பொறுப்பில் எடுத்துச் செல்லும் பொருளின் இழப்புக்கு, ரயில்வே அல்லது அதன் ஊழியரின் அலட்சியம் நிரூபிக்கப்பட்டால் மட்டுமே ரயில்வே பொறுப்பு. இடுப்புப் பட்டையில் வைத்திருந்த 1 லட்சம் ரூபாயை ரயிலில் இழந்த பயணியின் வழக்கில், தம் உடைமையைத் தாமே காக்க இயலாதபோது ரயில்வேயைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியது. முன்பதிவில்லாதவர்கள் பெட்டிக்குள் நுழைந்ததைப் பயணிகள் சுட்டிக்காட்டியும் பரிசோதகர் தடுக்கவில்லை என்பது போன்ற சான்று இருந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதில் பொருள் உண்டு. முதல் தகவல் அறிக்கைக்காக, திருட்டு நடந்த ஊருக்கே திரும்பிச் செல்ல வேண்டியதில்லை. எந்த ஊர் இருப்புப்பாதைக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஓடும் ரயிலிலேயே 139 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம்.

கேள்வி: நான் வசூல் பணியாளராக இருக்கிறேன். நிறுவனம் கொடுத்த, இரண்டு ஆண்டு பழகிய கைப்பேசியைக் களப்பணியின்போது, பூட்டியிருந்த என் வண்டிப் பெட்டியைத் திறந்து திருடிவிட்டார்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாய் பிடித்துக்கொள்வதாக மேலாளர் கூறுகிறார். என் சம்பளம் 19,000 ரூபாய். இது முறையா?

- வாசகி, சென்னை

பதில்: மேலாளர் சொன்னபடி செய்ய முடியாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பிலும், ஊழியரிடம் ஒப்படைத்த பொருளின் இழப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய இடம் உண்டு. ஆனால் அந்த இழப்பு ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக விளைந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பிடிக்கும் தொகை உண்மையான இழப்பை விஞ்சக் கூடாது. இரண்டு ஆண்டு பழகிய கைப்பேசிக்குப் புதிய கைப்பேசியின் விலையைக் கேட்பது இந்த அளவுக்குப் பொருந்தாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஒரு மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது என்பதால், 19,000 ரூபாய் வாங்கும் உங்களிடம் ஒரே மாதத்தில் 15,000 ரூபாய் பிடிக்கச் சட்டம் அனுமதிக்காது.

பூட்டிய வண்டிப் பெட்டியைத் திறந்து திருடியது வேறொருவர் செய்த குற்றம். திருட்டு என்றே எழுதி முதல் தகவல் அறிக்கை பெற்று, அதன் நகலுடன் உங்கள் விளக்கத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையோ மின்னஞ்சல் பதிலையோ வாங்கி வையுங்கள். நிறுவனக் கருவிகளுக்குக் காப்பீடு உள்ளதா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்; காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு உங்களிடமும் பிடித்தம் செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை. “சம்மதத்துடன் பிடித்துக்கொள்ளலாம்” என்று எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். விளக்கம் கேட்காமலே பணத்தைப் பிடித்துவிட்டால், சம்பளச் சீட்டுடன் உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கோரிக்கை மனு தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கலாம்.