ஏ.ஆர். நகலில் ‘லேசரேஷன்’: டாக்டர் காயத்தைக் குறைத்து எழுதிவிட்டாரா?

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். மடை திறப்பதில் என் தம்பிக்கும் பக்கத்து வயல்காரருக்கும் தகராறு முற்றி, அவர் மண்வெட்டியால் தம்பி தலையில் போட்டுவிட்டார். ஏழு தையல். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகலில் ‘லேசரேஷன், 6 x 1 செ.மீ., போன் டீப்’ என்று இருக்கிறது. காயச் சான்றிதழில் ‘சிம்பிள்’ என்று போட்டிருக்கிறார்கள். வெட்டு என்ற பேச்சே இல்லை. எதிர்த்தரப்புக்குச் சாதகமாக டாக்டர் எழுதிவிட்டாரா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்படிச் சந்தேகப்படக் காரணம் தெரியவில்லை. சான்றிதழில் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. காயம் எப்படி உண்டானது என்பது ஒன்று, எவ்வளவு கடுமையானது என்பது இன்னொன்று. ‘லேசரேஷன்’ முதல் கேள்விக்கான பதில். சின்னக் காயம் என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

வீட்டில் பேசும் ஆங்கிலத்தில் தோல் பிளந்தால் எல்லாமே ‘கட்’தான். சான்றிதழில் அப்படி எழுத முடியாது. அரிவாள், கத்தி, பிளேடு மாதிரி கூரான விளிம்பு பட்டு அறுபட்டால் ‘இன்சைஸ்டு வூண்ட்’. கட்டை, கல், கம்பி மாதிரி மழுங்கிய பொருள் தாக்கி, தோல் நசுங்கிக் கிழிந்தால் ‘லேசரேஷன்’. தோல் உரசிப்போனால் ‘அப்ரேஷன்’, நம் ஊர்ச் சிராய்ப்பு. தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கட்டினால் ‘கன்டியூஷன்’. குத்தி ஆழமாக இறங்கினால் ‘ஸ்டாப் வூண்ட்’, நம் ஊர்க் குத்துக்காயம்.

தலைதான் இதில் ஆளை ஏமாற்றும் இடம். மண்டையோட்டின் மேல் தோல் இறுக்கமாகப் போர்த்தியிருக்கிறது, நடுவில் சதை அதிகம் இல்லை. மூங்கில் கழியால் ஓங்கி அடித்தாலும் எலும்புக்கும் கழிக்கும் நடுவே நசுங்கி, நேர்கோடாகப் பிளந்துவிடும். பார்ப்பவர்கள் அரிவாள் வெட்டு என்றுதான் சத்தியம் செய்வார்கள். புருவத்திலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும் இதே கதைதான். டாக்டர் முடியை மழித்துவிட்டு, லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்ப்பார். கூரான விளிம்பு என்றால் ஓரம் சுத்தமாக இருக்கும், முடி வெட்டுப்பட்டிருக்கும். அடி என்றால் ஓரம் கன்றிப்போய், முடியின் வேர் நசுங்கியிருக்கும். காயத்தை விரித்துப் பார்த்தால் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் அறாமல் பாலம் போட்ட மாதிரி குறுக்கே நிற்கும். அரிவாள் பட்டிருந்தால் அவையும் அறுந்திருக்கும்.

உங்கள் விஷயத்தில் ஆயுதம் மண்வெட்டி. அதற்குக் காம்பும் உண்டு, இலையும் உண்டு. இலையின் விளிம்பு நேராக இறங்கியிருந்தால் அதை ‘சாப் வூண்ட்’ என்பார்கள். கனமும் கூர்மையும் சேர்ந்த வெட்டு அது, பெரும்பாலும் எலும்பிலும் தடம் விழும். காம்போ இலையின் தட்டைப் பகுதியோ பட்டிருந்தால் லேசரேஷன்தான் வரும். தம்பியிடம் நிதானமாகக் கேளுங்கள், எந்தப் பக்கம் பட்டது என்று. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே இருக்கட்டும். நம் பேச்சில் மண்வெட்டி என்றாலே “வெட்டினான்” என்று வாயில் வந்துவிடும். போலீஸ் வாக்குமூலத்தில் “வெட்டினான்”, சான்றிதழில் லேசரேஷன் என்று இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் பிடிப்பது அதைத்தான். ஏ.ஆர். நகலில் இன்னார், இன்ன நேரத்தில், இன்ன பொருளால் தாக்கியதாக ஒரு வரி இருக்கும். அது டாக்டரின் கண்டுபிடிப்பு அல்ல, காயம்பட்டவரோ கூட வந்தவரோ அன்றைக்குச் சொன்னது. அதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

‘போன் டீப்’ என்றால் காயம் எலும்பு வரை போயிருக்கிறது என்றுதான் பொருள், எலும்பு முறிந்தது என்று இல்லை. சில இடங்களில் ‘சி.எல்.டபிள்யூ.’ என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுவார்கள். எல்.டபிள்யூ. என்பது லேசரேட்டட் வூண்ட். சி என்பதைச் சிலர் கன்டியூஸ்டு என்பார்கள், சிலர் கட் என்பார்கள். இரண்டும் வேறு வேறு என்பதால் எனக்கு அந்தச் சுருக்கமே பிடிக்காது. உங்கள் டாக்டர் முழுதாக எழுதியிருப்பது நல்லது.

அடுத்தது ‘சிம்பிள்’. இது தையல் எண்ணிக்கையைப் பார்த்துப் போடுவதில்லை. சட்டம் சொல்லும் கொடுங்காயத்தில் சேராதது எல்லாம் ‘சிம்பிள்’தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு, எதெல்லாம் கொடுங்காயம் என்று 8 வகை சொல்கிறது. எலும்பு அல்லது பல் முறிவு, பார்வை அல்லது காது கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது, தலையோ முகமோ நிரந்தரமாக விகாரப்படுவது எல்லாம் அதில் வரும். உயிருக்கு ஆபத்தான காயமும், 15 நாள் கடும் வலியிலோ வழக்கமான வேலை பார்க்க முடியாமலோ வைக்கும் காயமும் கடைசி வகை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 20 நாள். இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, நாள் கணக்குக்காக வார்டில் படுத்துக்கிடப்பவர்கள் உண்டு. கட்டிலில் கிடந்த நாள் மட்டும் போதாது, வலியும் இயலாமையும் உண்மையில் இருந்தது என்று தெரிய வேண்டும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்கேனைத்தான். எக்ஸ்ரே, சி.டி. எடுத்தார்களா என்று கேள்வியில் சொல்லவில்லை. எடுத்திருந்து, மண்டையோட்டில் மயிரிழை விரிசல் என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அது கொடுங்காயம். சான்றிதழ் அந்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே எழுதப்பட்டதா என்று தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் ரிப்போர்ட் நகலை இணைத்து, விசாரணை அதிகாரியிடம் மனு கொடுங்கள். அவர் டாக்டரிடம் மறு கருத்து கேட்கலாம். நீங்களே நேராகப் போய் வார்த்தையை மாற்றச் சொல்லாதீர்கள், அது உங்களுக்கே வினையாகும்.

லேசரேஷன் என்பதால் எதிராளி தப்பிவிடுவார் என்றும் பயப்பட வேண்டாம். சிம்பிள் காயமாகவே இருந்தாலும், ஆபத்தான ஆயுதத்தால் உண்டாக்கினால் 118-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை தண்டனை உண்டு. சாதாரண அடி என்றால் ஓராண்டு வரைதான். வெட்டும் கருவி மட்டுமல்ல, தாக்கினால் உயிர் போகக்கூடிய எந்தப் பொருளும் அந்தப் பிரிவில் அடங்கும். மண்வெட்டி அதில் வருமா என்பதைத் தீர்மானிப்பது கோர்ட், டாக்டர் இல்லை.

அப்புறம், தம்பிக்குத் தோளிலோ முதுகிலோ அடி விழுந்திருந்தால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். கன்டியூஷன் அன்றைக்கே தெரியாமல், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நீலம் பாயலாம். முதல் பரிசோதனையில் தெரியாதது ஏ.ஆர்.-இல் இருக்காது. அப்படி இருந்தால், பச்சையும் மஞ்சளுமாக மாறி மறைவதற்குள் அதே ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.