சிறுவயதுக் கோடையை நினைவூட்டும் சிட்ரஸ் பெர்ஃப்யூம் வாங்கினேன், அரை மணி நேரத்தில் மணம் போய்விடுகிறது. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். எலுமிச்சை எண்ணெயிலும் பெரும்பங்கு அதுவே. மூலக்கூறு சின்னது, உடம்புச் சூட்டிலேயே பறந்துவிடும். அடித்தவுடன் மூக்கை நிறைப்பதும் அதுதான், முதலில் காணாமல் போவதும் அதுதான். இன்னும் அடர்த்தியான வகையை வாங்கினாலும் இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

நானும் இப்படி ஏமாந்தவன்தான். கடையில் காகிதப் பட்டையில் அடித்து நீட்டினார்கள். முகர்ந்த நொடியில் எட்டு வயதில் கழித்த ஒரு விடுமுறை மதியம் அப்படியே வந்து நின்றது. யோசிக்காமல் வாங்கிவிட்டேன். (நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட மூக்குக்குத்தான் நேர்வழி. விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும்.) வீடு வந்து சேர்வதற்குள் அந்த மதியம் போய்விட்டது. கையில் மிஞ்சியது துவைத்த துணி வாசம்.

அப்புறம்தான் யோசித்தேன், அந்த நினைவில் உண்மையில் இருந்த மணம் எது? பழம் இல்லை. விளையாட்டுக்கு நடுவே சும்மா பறித்துக் கசக்கிய இலை, தலைக்கு மேலே பூ, வெயிலில் காய்ந்த சொந்தக் கை. பழத்தைத் தேடியதுதான் என் தப்பு.

வாசனைத் தொழிலில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் இருக்கிறது. கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையையும் இளங்குச்சியையும் நீராவியில் வடித்தால் வருவது பெட்டிகிரெய்ன். பச்சையாக, லேசான கசப்போடு இருக்கும். அதே மரத்துப் பூவை வடித்தால் நெரோலி. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 1,000 கிலோ பூ வேண்டும், விலை ஏன் அப்படி என்று கேட்கவே வேண்டாம். வடிப்பதற்குப் பதில் கரைப்பான் கொண்டு எடுத்தால் ஆரஞ்சுப்பூ அப்சொல்யூட். தேன் போலக் கனத்தது, தோலில் நெடுநேரம் தங்கும். இலை, பூ, பழத்தோல் மூன்றும் ஒரே மரம் என்பதால் ஒன்று மங்கும்போது அடுத்தது அதே பேச்சைத் தொடர்கிற மாதிரி இருக்கும்.

இந்த ஆசை புதிதும் இல்லை. இத்தாலியில் பிறந்து ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறிய யோஹான் மரியா ஃபரீனா, 1708இல் தன் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், இத்தாலிய வசந்தக் காலையையும் மழைக்குப் பிந்தைய ஆரஞ்சுப் பூக்களையும் நினைவூட்டும் மணம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார். ‘ஓ டி கொலோன்’ (கொலோன் நீர்) என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அதுவும் சீக்கிரம் மறைகிற வகையே.

சரி, அடுத்த முறை வாங்கும்போது காகிதத்தை நம்பாதீர்கள். மணிக்கட்டில் அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மிஞ்சியிருப்பது பிடித்திருந்தால் மட்டும் திரும்பிப் போங்கள். குறிப்பில் நெரோலி, பெட்டிகிரெய்ன், ஆரஞ்சுப்பூ என்று இருக்கிறதா பாருங்கள். பாட்டிலைக் குளியலறையிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் லிமோனீன் காற்றோடு சேர்ந்து கெட்டுவிடும். நீங்களே எண்ணெய் வாங்கிக் கலக்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழத்தின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் உண்டு, அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். அது நீக்கப்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது என்னிடம் இருப்பதில் நெரோலிதான் முக்கால்வாசி. எலுமிச்சை அதிலும் நிற்பதில்லை. அதனால் சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றிப் பையில் வைத்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மறுபடி ஒருமுறை அடித்துக்கொள்வேன், அந்த முதல் பத்து நிமிடத்துக்காக மட்டும்.